கெட்டிமேளத்துக்கு விரல் காட்டுகிறவர்

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெரிய மாமாவுக்கு ஒரே ஒரு வேலைதான். பந்தி, மொய், மண்டப பாக்கி எதிலும் தலையிட மாட்டார். மணமேடைக்குப் பக்கத்தில், நாதஸ்வரக்காரர் கண்ணில் படுகிற மாதிரி இடம் பார்த்து நின்றுகொள்வார். மாங்கல்யம் மாப்பிள்ளை கைக்கு வந்து, கை பெண்ணின் கழுத்தை நோக்கி நகர்கிற நேரத்தில் ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டுவார். அடுத்த நொடி தவில் வெடிக்கும். யாராவது தும்மினாலோ, குழந்தை வீறிட்டாலோ, ஒரு அபசகுன வார்த்தை யார் வாயிலிருந்தாவது வந்தாலோ, அது யார் காதிலும் விழக் கூடாது. கெட்டிமேளம் இருப்பதே அதற்குத்தான். சீக்கிரம் காட்டினால் தவில்காரர் கை ஓய்ந்துவிடும். தாமதமாகக் காட்டினால் தும்மல் முந்திக்கொள்ளும்.

எதிரி ரேடாரை இரைச்சலால் திணற அடிக்கிற மின்னணுப் போர் விமானங்களைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் மாமாவைத்தான் சொல்வேன். கேட்டவர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள்.

நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. டிப்ளமோ முடித்துச் செல்போன் டவர் வேலைக்குப் போனவன். பன்னிரண்டு வருடம் இரைச்சல்தான் எனக்குச் சோறு போட்டது. எந்த சிக்னல் எங்கிருந்து வந்து எதைக் கெடுக்கிறது என்று தேடுவது என் வேலை. ராத்திரியில் தூக்கம் வராதபோது விமானங்களைப் பற்றிப் படிப்பேன். ஒரு கட்டத்தில் குண்டு போடுகிற விமானங்கள் சலித்துப்போய், அவற்றுக்கு முன்னாலும் பக்கத்திலும் பறந்து வானத்தில் இரைச்சல் கிளப்புகிற விமானங்களில் மனது நின்றுவிட்டது.

விஷயம் எளிது. அந்தக் காலத்தில் அம்மா மிக்ஸி போட்டால் டிவியில் கோடு கோடாக ஓடும், ஞாபகம் இருக்கிறதா? அதுதான் ஜாமிங். ரேடார் ஒரு துடிப்பை அனுப்பி, விமானத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதே அலைவரிசையில் நாம் மிக்ஸியைப் போட்டுவிட்டால் எதிரொலி இரைச்சலில் மூழ்கிவிடும். ரேடாரின் துடிப்பு போய்விட்டுத் திரும்பியும் வர வேண்டும், ஜாமரின் சத்தம் ஒரு வழிப் பயணம் போனால் போதும். அதனால் தூரத்தில் ஜாமர்தான் ஜெயிக்கும். ஆனால் விமானம் நெருங்க நெருங்க எதிரொலி வேகமாக வலுத்து, ஒரு கட்டத்தில் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பக்கத்து நாற்காலிக்காரர் தும்மினால் எந்தக் கெட்டிமேளத்தாலும் மறைக்க முடியாது இல்லையா, அந்த மாதிரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. மிக்ஸி ஓடுகிறது என்றால் சமையலறையில் ஆள் இருக்கிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். சத்தம் போடுகிறவன் தான் இருக்கும் திசையைத் தானே சொல்லிக்கொடுக்கிறான். இந்த விமானங்களின் கதை முழுக்க இந்த இரண்டு சிக்கல்களோடு போட்ட மல்லுக்கட்டுதான்.

1943 ஜூலை 24ஆம் தேதி இரவு, 791 பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் ஹாம்பர்க் நகரை நோக்கிப் போயின. வழியில் கட்டுக்கட்டாக அலுமினியத் தாள் கீற்றுகளைத் தள்ளிவிட்டுக்கொண்டே போனார்கள். ஜெர்மனியின் வுர்ஸ்பர்க் ரேடாரின் அலைநீளம் சுமார் 53 சென்டிமீட்டர். கீற்றின் நீளம் அதில் ஏறக்குறைய பாதி. அந்த நீளத்தில் ஒரு துண்டுத் தாள்கூட ரேடாருக்கு நல்ல எதிரொலி கொடுக்கும். திரைகளில் ஆயிரக்கணக்கான போலி விமானங்கள் முளைத்தன. பீரங்கிகளை இயக்கிய ரேடார்கள் குருடாயின. அன்று பிரிட்டன் இழந்தது 12 விமானங்களை மட்டுமே.

இந்த உத்தியை வடிவமைத்துச் சோதித்தவர் ஜோன் கரன் என்ற பெண் இயற்பியலாளர். 'விண்டோ' என்று பெயர் வைத்துவிட்டு ஒரு வருடத்துக்கும் மேல் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். நாம் போட்டால் அவனும் கற்றுக்கொண்டு நம் ஊர் மேல் போடுவானே என்ற பயம். வேடிக்கை என்னவென்றால் ஜெர்மானியர்களிடமும் அதே தாள் இருந்தது, 'ட்யூப்பெல்' என்ற பெயரில். அவர்களும் அதே பயத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தத் தாள்கள் காப்பாற்றியது விமானிகளை. கீழே அந்த ஒரு வாரத்துத் தாக்குதல்களில் 30,000க்கும் அதிகமான மக்கள் செத்தார்கள். தொழில்நுட்பத்தை ரசித்துப் படித்துக்கொண்டு போகும்போது அந்த எண்ணில் வந்து இடறி விழுவேன், ஒவ்வொரு முறையும்.

தாளைத் தூவுவதற்கு மூளை வேண்டாம். அடுத்து வந்ததற்கு வேண்டும். 1943 அக்டோபரிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 101ஆம் ஸ்க்வாட்ரன் என்ற பிரிவின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் வழக்கமான ஏழு பேரோடு எட்டாவதாக ஒருவர் ஏறினார். அவருக்கு ஜெர்மன் மொழி தெரியும். சிலர் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர்கள், பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே ஏறியவர்கள். ஒரு சின்னத் திரையையும் காதுகருவியையும் வைத்துக்கொண்டு இருட்டில் அலைவரிசைகளைத் துழாவுவார். தரையிலிருந்து தன் போர் விமானங்களுக்கு வழிசொல்லும் ஜெர்மன் கட்டுப்பாட்டாளரின் குரல் கேட்டதும், ஜாமரை அதே அலைவரிசையில் வைத்துத் திறந்துவிடுவார். அதற்கு 'ஏர்போர்ன் சிகார்' என்று பெயர். மொழி எதற்கு என்றால், கேட்பது நிஜமான கட்டளையா, ஏமாற்றுப் பேச்சா என்று பிரித்தறிய. அந்த ஸ்க்வாட்ரனின் இழப்புகள் மிகக் கடுமையானவை.

இங்கிலாந்திலிருந்தே ஜெர்மன் பேசிப் பொய்க் கட்டளை கொடுக்கும் ஏற்பாடும் அதே மாதம் தொடங்கியது. காசெல் நகரத் தாக்குதலின்போது ஜெர்மன் கட்டுப்பாட்டாளர் கடுப்பாகி வசைபாட, 'பாருங்கள், அந்த ஆங்கிலேயன் இப்போது திட்டவும் ஆரம்பித்துவிட்டான்' என்று போலிக்குரல் சொன்னதாம். 'திட்டுவது அவன் இல்லை, நான்தான்!' என்று அசல் ஆள் கத்தினாராம். ஜெர்மானியர்கள் பெண் குரலுக்கு மாறினார்கள். இவர்களும் ஜெர்மன் பேசும் பெண்ணை உட்கார வைத்தார்கள்.

அந்த இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் இந்த ஜாமர் வேலை பார்த்த தங்கள் ஆட்களுக்கு 'ரேவன்' என்று சங்கேதப் பெயர் வைத்தார்கள், அண்டங்காக்கை. காலப்போக்கில் அது சாதாரணக் காக்கையாகிவிட்டது. இன்றைக்கும் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் தங்களைக் கிழக் காக்கைகள் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள், அந்தப் பெயரில் ஒரு சங்கமே உண்டு. கூட்டமாக இருந்து கத்தியே எதிரியைத் திணற அடிக்கும் பறவை. நம்மூரில் யாரையாவது கேட்டிருந்தாலும் இதே பெயரைத்தான் வைத்திருப்பார்கள்.

ஹாம்பர்க்குக்குச் சரியாக 22 வருடம் கழித்து, 1965 ஜூலை 24ஆம் தேதி, வட வியட்நாம் வானத்தில் ஒரு அமெரிக்க எஃப்-4சி விமானம் சோவியத் தயாரிப்பான எஸ்ஏ-2 ஏவுகணைக்கு இரையானது. அந்தப் போரில் ஏவுகணைக்கு விழுந்த முதல் அமெரிக்க விமானம் அது. அவசரம் அவசரமாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். எஃப்-100எஃப் என்ற இரண்டு சீட் போர் விமானத்தில் ரேடார் அலைகளைக் கேட்கும் கருவிகளைப் பொருத்தி, பின் சீட்டில் ஒரு காக்கையை உட்கார வைப்பது. எதிரி ரேடார் தன்னை நோக்கித் திரும்பும் வரை பறந்து போய், அது வரும் திசையைப் பிடித்து, அதன் வாயிலேயே போய் அடிப்பது. 'வைல்ட் வீசல்' என்று பெயர். வீசல் என்பது நம் கீரியைப் போல, இரையைத் தேடி வளைக்குள்ளேயே நுழைகிற பிராணி.

பின் சீட்டுக்குத் தேர்வானவர்களில் ஜாக் டொனோவன் என்பவர் பி-52 குண்டுவீச்சு விமானத்தில் பழகிய ஆள். திட்டத்தைச் சொன்னதும் அவர் வாயிலிருந்து வந்தது ஒரு வசவு. 'விளையாடுகிறீர்களா?' என்பதன் கொச்சை வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஐந்து முதலெழுத்துகளைத்தான் வீசல் ஆட்கள் இன்றும் சட்டையில் தைத்துக்கொள்கிறார்கள். பயந்த மனிதன் சொன்ன வார்த்தை ஒரு படையின் மரியாதைச் சின்னமானது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். சொன்னாரே தவிர, ஏறினார். 1965 நவம்பரில் நான்கு விமானங்கள் தாய்லாந்தின் கோராட் தளத்துக்குப் போயின. டிசம்பர் 20ஆம் தேதி ஒன்று விழுந்தது. பைலட் கைதியானார், பின் சீட்டுக்காரர் இறந்தார். இரண்டு நாள் கழித்து, ஆலன் லாம்ப் ஓட்ட, டொனோவன் பின்னாலிருந்து திசை சொல்ல, முதல் ஏவுகணைத் தளம் அழிந்தது.

என் வேலையில் இதன் பொடி வடிவம் ஒன்று உண்டு. ஒரு குடியிருப்புப் பகுதியில் பேச்சு அறுந்து அறுந்து போகிறது என்று புகார் குவிந்தது. டவரில் பழுதில்லை. யாரோ மொட்டை மாடியில் அனுமதி இல்லாத சிக்னல் பூஸ்டரை மாட்டி, அது டவரின் காதிலேயே கத்திக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. தோளில் ஸ்பெக்ட்ரம் அனலைசர், கையில் யாகி ஆண்டெனா. தெரு முனையில் நின்று ஆண்டெனாவைச் சுற்றுவது, எங்கே முள் அதிகம் தூக்குகிறதோ அந்தப் பக்கம் நடப்பது. பத்துப் பேர் கூடி 'சார், என்ன மீன் பிடிக்கிறீங்களா?' என்று கேட்பார்கள். வீட்டை நெருங்கிவிட்டேன், இன்னும் இரண்டு சந்துதான். கரண்ட் போய்விட்டது. பூஸ்டர் அணைந்தது, தடயமும் அணைந்தது. ஒரு டீக்கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒன்றரை மணி நேரமும் தெருவில் எல்லோருடைய போனும் அருமையாக வேலை செய்தது.

வியட்நாமிலும் இதேதான் நடந்தது. வீசல்களுக்கு ஷ்ரைக் என்று ஓர் ஏவுகணை கொடுத்தார்கள், ரேடார் அலையைப் பிடித்துக்கொண்டே போய் அதன் மேல் விழும். வியட்நாமியர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். ஷ்ரைக் கிளம்பியதாகச் சந்தேகம் வந்தால் ரேடாரை அணைத்துவிடுவார்கள். ஷ்ரைக் வழி தெரியாமல் எங்கோ போய் விழும். கணக்குப் பார்த்தால் தோல்வி. ஆனால் ரேடார் அணைந்திருந்த அந்தச் சில நிமிடங்களில் குண்டு போடும் விமானங்கள் போய்விட்டு வந்துவிட்டனவே. அதை யார் கணக்கில் எழுதுவது? விழாத விமானத்துக்கு ரசீது கிடையாது. வீசல்கள் முதலில் உள்ளே போய், கடைசியில்தான் வெளியே வருவார்கள். பலர் வரவே இல்லை.

இதற்குப் பக்கத்திலேயே ஈபி-66 என்ற இன்னொரு ஜாதி பறந்துகொண்டிருந்தது. பழைய குண்டுவீச்சு விமானத்தின் உடம்பு. ஈபி-66சி வகையில் குண்டு இருக்க வேண்டிய வயிற்றுக்குள் நான்கு காக்கைகளை உட்கார வைத்துவிட்டார்கள். வேகம் போதாது, உருவம் பெரிது. 1972 ஏப்ரல் 2ஆம் தேதி, 'பேட் 21' என்ற அழைப்புப் பெயர் கொண்ட விமானம் எஸ்ஏ-2 பட்டு விழுந்தபோது ஆறு பேரில் உயிரோடு இறங்கியது நேவிகேட்டர் ஐசீல் ஹாம்பிள்டன் ஒருவர்தான், வயது 53. சுற்றிலும் வட வியட்நாம் படை. ரேடியோவில் வழி சொன்னால் அவர்களும் கேட்பார்கள். ஹாம்பிள்டன் கால்ஃப் பைத்தியம் என்று தெரிந்தவர்கள், அவர் ஆடிய மைதானங்களின் குழிகளை வைத்து வழி சொன்னார்கள். இன்ன மைதானத்தில் இன்ன குழி என்றால் இந்தத் திசையில் இவ்வளவு தூரம் என்று அவருக்கு மட்டும் புரியும். பதினோரு நாளுக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படையின் டாம் நாரிஸும் தென் வியட்நாம் கடற்படையின் நுயென் வான் கியெட்டும் மீனவர் வேடத்தில் சிறு படகில் போய் மீட்டார்கள். அவரை மீட்கப் போனதில் செத்தவர்கள் பலர். ஊரார் ரேடியோவைக் கேட்டே பிழைத்த தொழில்காரர்களில் ஒருவர், தன் ரேடியோவை ஊரார் கேட்கிறார்கள் என்று பதுங்கிக் கிடந்ததை நினைத்துப் பார்ப்பேன்.

ஆனால் எனக்கு இந்தத் துறையில் மிகவும் பாடமாக அமைந்தது அதே வருடம் டிசம்பர். வட வியட்நாமின் தலைநகர் ஹனோய் மீது பி-52களை அனுப்பிய பதினோரு இரவுகள்.

பி-52 என்பதே பறக்கும் இரைச்சல் தொழிற்சாலை. ஒவ்வொன்றிலும் பைலட்டுகளுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத மூலையில் ஒரு காக்கை. கையருகில் வரிசையாக ஜாமர்கள். மூன்று மூன்று விமானங்களாகச் சேர்ந்து பறந்தால் மூன்றின் இரைச்சலும் சேர்ந்து கீழே எந்த ரேடார் திரையும் வெளுத்துப்போகும். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. டிசம்பர் 18ஆம் தேதி முதல் இரவில் மூன்று விழுந்தன. 20ஆம் தேதி ஒரே இரவில் ஆறு.

ஏன்? திட்டம் போட்டவர்கள் முதல் மூன்று இரவும் அதே வழியில், ஏறக்குறைய அதே உயரத்தில், அலை அலையாக அனுப்பினார்கள். குண்டு போட்டதும் எல்லா விமானமும் பெரிய வளைவில் திரும்ப வேண்டும் என்று உத்தரவு. பி-52 சாய்ந்து திரும்பும்போது அதன் ஜாமர் ஆண்டெனாக்கள் நேர் கீழே பார்ப்பதை விட்டு வேறு பக்கம் பார்க்கும். அதே நேரம் பலத்த எதிர்க்காற்று வேறு, வேகம் குறைந்துபோகும். ஏவுகணைத் தளத்துக்கு மிக அருகில் இருக்கிற நேரத்தில், கெட்டிமேளம் பக்கத்து மண்டபத்துக்குப் போய்விடுகிறது. தும்மல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. பி-52இன் ஜி வகை விமானங்கள் சிலவற்றில் பழைய ஜாமர்களே இருந்தன. அவை இன்னும் மோசம்.

கீழே இருந்தவர்கள் இரைச்சலையே படிக்கப் பழகியிருந்தார்கள். இதைத்தான் பாடம் என்றேன். திரையில் விமானப் புள்ளி தெரியாவிட்டால் என்ன, இரைச்சலின் பட்டை தெரிகிறதே. இவ்வளவு தடிமனான பட்டை என்றால் பி-52தான், வேறு எதற்கும் இவ்வளவு குரல்வளம் கிடையாது. பட்டையின் நடுக்கோட்டைப் பிடித்து, ஏவுகணையை அந்தக் கோட்டின் மேலேயே செலுத்துவது. தூரம் தெரியாது, திசை தெரியும். கோட்டில் எங்கேயோ விமானம் இருக்கிறது, கோட்டிலேயே போனால் முட்டும். மூன்று புள்ளி முறை என்று அதற்குப் பெயர்: தளம், ஏவுகணை, விமானம் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில். வழிகாட்டும் ரேடாரைக் கடைசிச் சில நொடிகள் மட்டும் எரியவிட்டு உறுதி செய்துகொள்வார்கள். பி-52ஐச் சுடுவது எப்படி என்று முன்கூட்டியே கையேடு எழுதி வைத்திருந்தார்கள் என்றால் பாருங்கள். யாருடைய இரைச்சலை நம்பி அந்த விமானங்கள் வந்தனவோ அதே இரைச்சல்தான் அவற்றுக்கு முகவரி எழுதிக் கொடுத்தது.

கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள் நிறுத்திவிட்டு, 26ஆம் தேதி 120 பி-52கள் பல திசைகளிலிருந்து சுமார் 15 நிமிடத்துக்குள் மொத்தமாகப் பாய்ந்தன. ஆளுக்கொரு பக்கம் திரும்பின. அன்று விழுந்தவை இரண்டு. ஜாமர் பெட்டிகள் அதேதான். எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து என்பதுதான் மாறியது. பதினோரு இரவில் மொத்தம் 15 போயின.

அடுத்த வருடமே இன்னோர் இடத்தில் அடி. 1973இல் இஸ்ரேலோடு நடந்த போரில் எகிப்தும் சிரியாவும் எஸ்ஏ-6 என்ற புதிய ஏவுகணையை இறக்கின. அது இலக்கை ஒளிரச் செய்வது துடிப்பு அலையால் இல்லை, தொடர் அலையால். இஸ்ரேலிய விமானங்களின் எச்சரிக்கைக் கருவிகளுக்கு அந்தப் பாஷையே தெரியாது. சுமார் 100 விமானங்கள் போயின. ஒன்பது வருடம் கழித்து, 1982 ஜூன் 9ஆம் தேதி, லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் அவர்கள் செய்ததைத்தான் உலகம் முழுக்க ராணுவக் கல்லூரிகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். முதலில் போலி விமானங்களை, அதாவது ஆளில்லாத குட்டிகளை அனுப்பினார்கள். சிரிய ரேடார்கள் விழித்துக்கொண்டு அவற்றைப் பார்த்தன, சுட்டன. எங்கே எந்த ரேடார் என்று மேலே இருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். அடுத்து அடி விழுந்தது. ஏவுகணைப் படைப்பிரிவுகளை பேட்டரி என்பார்கள், அப்படி 19 பேட்டரிகளில் 17 போயின. காப்பாற்ற வந்த சிரியப் போர் விமானங்களுக்குத் தரையோடு பேசும் ரேடியோவும் ஜாமிங்கில் மூழ்கியிருந்தது. வழிசொல்ல ஆளில்லாமல் வந்து அடுத்த சில நாட்களில் 80க்கும் மேற்பட்டவை விழுந்தன. தும்மல் வராத வீட்டில் மிளகாய்ப் பொடி தூவி, யார் தும்முகிறார்கள் என்று எண்ணிக்கொண்ட மாதிரி.

1991 ஜனவரியில், வளைகுடாப் போரில், பாக்தாதிலும் போலி விமானங்கள், விழித்த ரேடார்கள், அதே கதை. இப்போது ஷ்ரைக்குக்குப் பதில் ஹார்ம் ஏவுகணை, வேகம் அதிகம், ரேடார் அணைந்தாலும் இடத்தை ஓரளவு நினைவில் வைத்திருக்கும். கூடவே ரேவன் என்ற பழைய பெயரோடு ஈஎஃப்-111ஏ. ஆயுதம் ஒன்றும் கிடையாது, ஜாமரும் வேகமும்தான். முதல் இரவில் ஜேம்ஸ் டென்டனும் பிரென்ட் பிராண்டனும் போன ரேவனை ஓர் ஈராக்கிய மிராஜ் போர் விமானம் துரத்தியது. இருட்டில் தரையை ஒட்டிப் பறந்து வளைந்து தப்பினார்கள். துரத்திய மிராஜ் தரையில் மோதிப் போனது என்பது அவர்கள் தரப்பு. அந்த வெற்றி யார் கணக்கு என்பதில் இன்றும் வழக்குப் பேசுகிறார்கள். இவர்கள் தொழிலில் அப்படி ஒரு வெற்றி வந்தால்கூட ரசீது தகராறுதான். அடுத்த மாதம் வேறொரு ரேவன் தரையில் மோதி இருவரும் இறந்தார்கள்.

இந்தக் கூட்டத்தில் எனக்குச் செல்லம் ப்ரௌலர், ஈஏ-6பி. அழகே கிடையாது. மூக்கு தடித்து, வால் உச்சியில் ரக்பி பந்து மாதிரி ஒரு புடைப்பு. நான்கு பேர் போவார்கள், ஓட்டுகிறவர் ஒருவர், கேட்கிறவர்கள் மூன்று பேர். இறக்கைக்கு அடியில் தொங்கும் ஜாமர் பெட்டி ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒரு சின்னக் காற்றாடி உண்டு. பறக்கும் வேகத்தில் அது சுழன்று தன் மின்சாரத்தைத் தானே செய்துகொள்ளும். தாங்கள் கிளப்பும் அலை தங்களையே சுடாதிருக்கக் கண்ணாடிக் கூரைக்குள் மெல்லிய தங்கப் பூச்சு. வெயிலில் பார்த்தால் கோயில் கலசம் மாதிரி மின்னும். 1972இல் வியட்நாமில் இறங்கியது, 2019இல்தான் கடைசி ப்ரௌலர் ஓய்வு பெற்றது.

ரேடாரில் சிக்காத விமானம் வந்துவிட்டது, இனி ஜாமர் எதற்கு என்று நினைத்தவர்கள் உண்டு. ரேவன்களை 1998இல் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1999 மார்ச் 27ஆம் தேதி, கொசோவோ போரில், செர்பியாவில் சோல்டான் டானி என்ற அதிகாரியின் பேட்டரி, பழைய எஸ்-125 ஏவுகணையை வைத்து ரேடாரில் சிக்காத எஃப்-117ஐயே சுட்டு வீழ்த்தியது. அவருடைய ஒழுங்கு என்ன தெரியுமா? ரேடாரை இருபது நொடிக்கு மேல் எரியவிடக் கூடாது, பிறகு இடத்தை மாற்றிவிட வேண்டும். ஹார்ம்களால் அவரைப் பிடிக்க முடியவில்லை. அந்தப் போரில் மறைவிமானங்களுக்குக்கூட ப்ரௌலர் துணை தேவைப்பட்டது. இருந்ததோ கொஞ்சம்தான், எல்லோரும் கேட்டால் எங்கே போவது?

ஈராக்கில் 2000களில் அதே ப்ரௌலர்கள் செய்த வேலை என்னைக் கொஞ்சம் அசைத்தது. சாலையோரக் குண்டுகளை செல்போன், ரேடியோ ரிமோட் வைத்து வெடிக்கச் செய்தார்கள். ஏவுகணை ரேடாரைக் குருடாக்கச் செய்த விமானம், மேலே வட்டமடித்துக்கொண்டு கீழே போன் அடிக்காமல் பார்த்துக்கொண்டது. நான் வாழ்நாள் முழுக்க 'சிக்னல் கிடைக்கட்டும்' என்று ஏறி இறங்கிய அலைவரிசைகள் போன்றவற்றில்தான், சிக்னல் கிடைக்காததால் யாரோ உயிரோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இப்போது இருப்பது க்ரௌலர், ஈஏ-18ஜி. 2011இல் லிபியாவில் முதன்முதலாகப் போருக்குப் போனது. நான்கு பேர் இரண்டு பேராகிவிட்டார்கள். முன்னால் ஓட்டுகிறவர், பின்னால் ஒரே ஒரு காக்கை. மற்ற இரண்டு பேரின் வேலையை மென்பொருள் செய்கிறது: எந்த அலை, எந்த ரேடார், எதை முதலில் அடக்குவது என்று வரிசைப்படுத்திக் கொடுக்கும். தான் கிளப்பும் இரைச்சலைத் தன் ரேடியோவிலிருந்து மட்டும் கழித்துவிடும் கருவியும் உண்டு. ஜாமிங் செய்துகொண்டே பேசலாம், ப்ரௌலர்காரர்கள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனாலும் பின் சீட்டை எடுத்துவிடவில்லை. ஒற்றை சீட் போர் விமானங்கள் வரிசை கட்டி நிற்கிற காலத்தில், இந்த ஒரு விமானத்தில் இன்னும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, 'இப்போது வேண்டாம்... இப்போது' என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

மாமா போன பிறகு அந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை. போன தை மாதம் உறவுப் பையன் கல்யாணத்தில் வீடியோக்காரர்தான் எல்லாவற்றையும் நடத்தினார். தாலி தட்டில் இருக்கும்போதே நாலா பக்கமும் நாலு பேர் விரலை ஆட்டிவிட்டார்கள். தவில் பிளந்தது. 'மாப்ளே, கொஞ்சம் இப்படித் திரும்புங்க, தாலியைத் தூக்கிக் காட்டுங்க, பொண்ணு சிரிங்க' என்று வீடியோக்காரர் ஒவ்வொரு கோணமாக எடுத்தார். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். நாதஸ்வரக்காரர் கண்கள் பிதுங்க ஊதினார், அப்புறம் மூச்சு வாங்கச் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். தவில்காரரும் கையை உதறிக்கொண்டார். மண்டபமே அமைதியாக இருக்க, மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டபோது மூன்றாவது வரிசையில் யாருடைய போனோ அடித்தது. சிக்னல் அங்கே ரொம்ப நன்றாக இருந்தது.